மெட்ரோ ரெயில் முதலில் ஸ்ரீபெரும்புதூருக்குப் போகட்டும்!

சென்னை மெட்ரோ ரெயிலை நகரத்துக்கு வெளியே எந்தத் திசையில் நீட்டுவது என்ற பிரச்னை சர்க்கார் மேஜைக்கு வந்திருக்கிறது. மூன்று யோசனைகள் அதிகாரிகளால் தயாரிக்கப்பட்டுள்ளன. ஒன்று, மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வழியாகக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை, சுமார் 15.5 கிலோ மீட்டர். இரண்டாவது, கோயம்பேட்டிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை. சுமார் 22 கிலோ மீட்டர். மூன்றாவது, பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை. சுமார் 53 கிலோ மீட்டர். இந்த மூன்றாவது பாதையில் சுங்குவார்சத்திரம் வரையுள்ள சுமார் 28 கிலோ மீட்டரை முதல் கட்டமாக எடுத்துக் கொள்ளலாம் என்பது 2025-ல் மாநில சர்க்கார் காட்டிய உத்தேசம்.

மூன்றும் ஒரே நாளில் நடக்கப் போவதில்லை. பணமும் இல்லை, மத்திய சர்க்காருக்கு மனமும் இல்லை. ஆகவே எது முதலில் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பத்திரிகைகளில் வீட்டுமனை விளம்பரம் கொடுக்கும் கனவான்கள் ஏற்கெனவே பதில் சொல்லி விட்டார்கள். தங்கள் மனை இருக்கும் பக்கமெல்லாம் “மெட்ரோ வருகிறது” என்று பலகை நட்டு விட்டார்கள். தினமும் ரெயிலிலும் பஸ்ஸிலும் கம்பெனி வேனிலும் இடிபட்டுப் போய் வருகிறவர்கள்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்கள் சார்பில் நமது அபிப்பிராயத்தைச் சொல்கிறோம்.

ரெயிலே இல்லாத இடத்துக்குத்தான் முதலில் ரெயில் போக வேண்டும். அந்த இடம் ஸ்ரீபெரும்புதூர்.

இருக்கும் தண்டவாளமும் இல்லாத தண்டவாளமும்

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்று முதல் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஜனங்கள் ரெயிலைப் பார்த்து வருகிறார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, செங்கற்பட்டு வரை அதே பாதைதான். கூட்டம் தாங்கவில்லை, வண்டிகள் போதவில்லை என்பது உண்மை. ஆனால் பாதை இருக்கிறது, நிலையங்கள் இருக்கின்றன, ஐந்து ரூபாயில் ஆரம்பிக்கும் டிக்கெட் இருக்கிறது, மாத ஸீஸன் சீட்டு இருக்கிறது.

ஆவடிப் பக்கமும் அப்படியே. சென்னை சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், திருவள்ளூர் என்று மின்சார ரெயில் போகிறது. டாங்க் பாக்டரித் தொழிலாளியும் அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளியும் அதில்தான் போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அதிக வண்டிகள், அதிகப் பெட்டிகள், நிலையத்திலிருந்து ஆலை வாசலுக்கு ஒழுங்கான பஸ்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்ன இருக்கிறது? பூந்தமல்லியைத் தாண்டினால் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் — இத்தனை ஊர்களுக்கும் ஒரு பிரயாணி ரெயில் கிடையாது. பெங்களூர் நெடுஞ்சாலை ஒன்றுதான் கதி. 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் தொழிற்சாலை வந்தது. பிறகு செல்போன், டெலிவிஷன், குளிர்சாதனப் பெட்டி, டயர், கண்ணாடி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள். ஒரகடம், வல்லம் வடகால் என்று எஸ்டேட்டுகள் பரவின. இந்தியாவிலிருந்து கப்பலேறும் கார்களிலும் மின்னணுச் சாமான்களிலும் பெரும் பங்கு இந்த வட்டாரத்துத் தொழிலாளியின் கையில் உருவாகிறது. சாமானை ஏற்றிச் செல்ல ஆறுவழிச் சாலை பற்றிப் பேசினார்கள், துறைமுகத்துக்குத் தனிப் பாதை பற்றிப் பேசினார்கள். சாமானைச் செய்கிறவன் எப்படி வீட்டுக்குப் போகிறான் என்று மட்டும் முப்பது வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை.

ஒருவரும் கேட்கவில்லை என்பதுகூடச் சரியல்ல. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு சுமார் 60 கிலோ மீட்டர் புதிய ரெயில் பாதை என்று 2013-ல் மத்திய ரெயில்வே பட்ஜெட்டில் சேர்க்கப்பட்டது. காகிதத்தில் அந்தப் பாதை பத்து வருஷத்துக்கு மேலாக ஓடிக் கொண்டிருந்தது. தரையில் ஒரு பெட்டியும் ஓடவில்லை.

கம்பெனி பஸ் என்னும் விலங்கு

“அதுதான் கம்பெனியே பஸ் விடுகிறதே, ரெயில் எதற்கு?” என்று நிர்வாகங்களின் பக்கம் நின்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளியிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

கம்பெனி பஸ் இனாம் அல்ல. தொழிலாளியின் உழைப்பிலிருந்து போகும் செலவுதான் அது. அது ஒருபுறம் இருக்கட்டும். கம்பெனி பஸ் ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட தெருமுனையில் நிற்கும். ஏறாவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஷிப்ட் முடிந்ததும் வாசலுக்கு உள்ளேயே ஏற்றிக் கொண்டு கிளம்பி விடும். ஓவர்டைம் என்று சொல்லி விட்டால், போக மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. அடுத்த பஸ் ஓவர்டைம் முடிந்த பிறகுதான். பக்கத்து ஆலையில் நாலு காசு கூடுதல் கூலி கிடைத்தாலும் அங்கே போக முடியாது. அந்த ஆலையின் பஸ் நம் தெருவுக்கு வராது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் அன்றிலிருந்து பஸ்ஸும் இல்லை. லேபர் ஆபீசரிடம் மனுக் கொடுக்கப் போவதற்குக்கூட நெடுஞ்சாலையில் நின்று லாரிக்குக் கை காட்ட வேண்டும்.

சங்கக் கூட்டத்துக்குக் கம்பெனி பஸ் காத்திருக்குமா? சங்கம் வைக்கும் ஊழியர்கள் எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம் இது. பழைய பெரம்பூர் மில் நாட்களில் ஷிப்ட் விட்டதும் தொழிலாளர்கள் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். போகிற வழியில் டீக்கடை, டீக்கடைக்குப் பக்கத்தில் சங்கம். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்தத் தெருக்களில்தான் பிறந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அந்தத் தெருவே இல்லாமல் செய்து விட்டார்கள். தொழிலாளி ஆலையிலிருந்து நேரே பஸ்ஸுக்குள் போகிறான். பஸ்ஸிலிருந்து நேரே நாற்பது கிலோ மீட்டருக்கு அப்பால் ஒரு தெருமுனையில் இறங்குகிறான். ஒரே யந்திரத்தில் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு பேர் நேரம் போக்கி நின்று பேசுவதற்கு ஓர் இடமில்லை.

அப்படியிருந்தும் அந்த வட்டாரத் தொழிலாளிகள் போராடியிருக்கிறார்கள். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் சுங்குவார்சத்திரத்தில் ஸாம்ஸங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். பந்தலுக்கு வருவதற்கே தினமும் பிரயாணச் செலவு செய்ய வேண்டியிருந்தது என்பதை அந்தப் பந்தலுக்குப் போனவர்கள் அறிவார்கள். அதற்கு முன்பு 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தபோது, மின்னணு ஆலையின் பெண் தொழிலாளிகள் அதே பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அந்தப் பெண்கள் பெரும்பாலும் தூர ஜில்லாக்களின் விவசாயத் தொழிலாளர் வீடுகளிலிருந்து வந்தவர்கள். விடுதியிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து விடுதிக்கு. இடையில் கம்பெனி பஸ்.

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியை 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சர்க்கார் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல கட்டடங்கள்தான், தகரக் கொட்டகையை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பதினெட்டாயிரம் பெண்கள் ஒரு சினிமாவுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, மாலைக் கல்லூரிக்கோ, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கோ தங்கள் இஷ்டப்படி போய்வர ஒரு ரெயில் இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்துக்குப் பேர் என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கார் நடத்துகிற, எல்லோரும் ஏறுகிற ரெயில் ஒன்று அந்த வட்டாரத்துக்குப் போனால் இந்த நிலைமையில் ஒரு பெரிய மாறுதல் ஏற்படும். தொழிலாளி எந்த ஆலைக்கும் போகலாம், எந்த நேரத்திலும் திரும்பலாம். பூந்தமல்லியிலோ போரூரிலோ வடபழனியிலோ குடியிருந்து கொண்டே வேலைக்குப் போகலாம். ஒரு அறைக்கு எட்டுப் பேர் என்று ஆலையைச் சுற்றி வாடகை பறிக்கிற கொள்ளையும் குறையும்.

ஒரு வகுத்தல் கணக்கு

செலவுக் கணக்கைப் பார்ப்போம். இதற்கு இஞ்சினியர் படிப்பு வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து வகுத்தல் போதும்.

விமான நிலையம் – கிளாம்பாக்கம் பாதைக்குத் திட்ட அறிக்கை சொல்லும் செலவு சுமார் 9,335 கோடி ரூபாய். தூரம் 15.5 கிலோ மீட்டர். கிலோ மீட்டருக்கு ஏறத்தாழ 600 கோடி. பூந்தமல்லி – சுங்குவார்சத்திரம் பாதைக்கு மதிப்பிட்டது சுமார் 8,779 கோடி. தூரம் 28 கிலோ மீட்டர். கிலோ மீட்டருக்கு ஏறத்தாழ 315 கோடி. அதாவது, ரெயில் ஏற்கெனவே இருக்கிற ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கிலோ மீட்டர் போடும் பணத்தில், ரெயிலே இல்லாத பெங்களூர் ரோட்டில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ மீட்டர் போடலாம். (இந்தப் பாதைகளைச் சுரங்க ரெயில் என்று சொல்கிறோமே தவிர, நகருக்கு வெளியே எல்லாம் தூணின் மேல்தான். சுரங்கம் தோண்டினால் செலவு இன்னும் பல மடங்கு.)

கிளாம்பாக்கத்து ஜனங்களின் கஷ்டத்தை நாம் லேசாக எண்ணவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் பஸ் நிலையத்தைத் திறந்து, தென் ஜில்லா பஸ்களைக் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். விழுப்புரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வருகிற விவசாயத் தொழிலாளி, மூட்டை முடிச்சுடன், கைக்குழந்தையுடன், நடுராத்திரியில் அங்கே இறங்கி நிற்கிறான். இதைப் படிப்பவர்களில் பலர் அப்படி நின்றவர்கள். பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே ரெயில் தண்டவாளம் போகிறது. ஆனால் பஸ் நிலையம் திறந்த அன்று அங்கே ரெயில் நிற்க ஒரு நிலையம் கிடையாது! பஸ் நிலையத்தைக் கட்டும்போதே ரெயில் நிலையத்தையும் கட்ட வேண்டும் என்ற சாதாரண புத்தி எந்தப் பெரிய அதிகாரிக்கும் தோன்றவில்லை. அந்த ரெயில் நிலையத்துக்கு மதிப்பிட்ட செலவு சுமார் 20 கோடி. ஒன்பதாயிரம் கோடியைப் பற்றிப் பேசியவர்கள் இருபது கோடி வேலையை முதலில் செய்யவில்லை.

எனவே தென்புறத்துக்கு நாம் சொல்வது இது. தாம்பரம் – செங்கற்பட்டு நாலாவது ரெயில் பாதைக்கு 2025-ல் அனுமதி கிடைத்தது. செலவு சுமார் 757 கோடி. அதை விரைவில் முடிக்க வேண்டும். கிளாம்பாக்கத்தில் எல்லா மின்சார ரெயில்களும் நிற்க வேண்டும். ராத்திரி பதினொன்றுக்கும் அதிகாலை நாலுக்கும் நடுவில் வந்து இறங்குகிற பிரயாணிகளுக்காக இரவு வண்டிகள் விட வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஆகிற செலவு மெட்ரோச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் டிக்கெட்டில் ஜனங்கள் எழும்பூருக்குப் போய்ச் சேருவார்கள். மெட்ரோ அங்கே ஒருநாள் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு வரட்டும்.

வடசென்னைக்கு இழைத்த அநீதியையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. மெட்ரோவின் முதல் வண்டி 2015 ஜூனில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடியது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் தொழிலாளிக்கு அந்த ரெயில் வந்து சேர்ந்தது 2021 பிப்ரவரி 14-ல். மணலியிலோ, எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரத் தொழிற்சாலையும் வந்து அரை நூற்றாண்டு ஆகியும், டாங்கர் ரெயில் போகும். மனிதன் ஏறுகிற ரெயில் போகாது. இரண்டாவதாக எந்தத் திசை என்று கேட்டால், நம் பதில் மணலி – எண்ணூர்தான். அந்த யோசனை அதிகாரிகளின் மூன்று கட்டுகளில் ஒன்றிலும் இல்லை.

பரந்தூர் என்னும் சூழ்ச்சி

இப்போது சிக்கலான விஷயத்துக்கு வருவோம். பூந்தமல்லிப் பாதையின் கடைசி நிலையம் பரந்தூர் என்று போட்டிருக்கிறார்கள். ஏன் பரந்தூர்? அங்கே ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்துப் புதிய விமான நிலையம் கட்டுவது என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏகனாபுரமும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் அன்று முதல் எதிர்த்துப் போராடி வந்திருக்கின்றன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற பூமி அது. பட்டா உள்ளவனுக்கு நஷ்ட ஈடு என்று ஒரு தொகையையாவது சொல்வார்கள். பட்டா இல்லாமல் அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்துப் பிழைத்தவளுக்கு? 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம், மூன்று வருஷம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தையும் “பாதிக்கப்பட்ட குடும்பம்” என்றே வகைப்படுத்துகிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தாசில்தார் கொண்டு வருகிற ஜாபிதாவில் அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

“ஸ்ரீபெரும்புதூருக்கு மெட்ரோ கேட்டால் பரந்தூர் விமான நிலையத்துக்கு ஆதரவு கொடுத்ததாகி விடாதா?” என்று சில தோழர்கள் சந்தேகப்படுகிறார்கள். நியாயமான சந்தேகம். கூடாரத்துக்குள் ஒட்டகம் மூக்கை நுழைத்த கதை எல்லோருக்கும் தெரியும். ரெயிலைக் காட்டி விமான நிலையத்தையும், விமான நிலையத்தைக் காட்டி ரெயிலையும் நியாயப்படுத்துவது திட்டம் போடுகிறவர்களின் பழைய தந்திரம். ரெயில் பாதை போட்டாகி விட்டது, இனி விமான நிலையம் வராவிட்டால் போட்ட பணம் வீண் என்பார்கள்.

இதை உடைக்க வழி, ரெயில் வேண்டாம் என்பதல்ல. சுங்குவார்சத்திரம் வரையுள்ள பாதையைத் தனித் திட்டமாகப் பிரித்து நிறைவேற்று என்று கேட்பதுதான். அந்த 28 கிலோ மீட்டருக்கு விமானப் பிரயாணி ஒருவர்கூட வேண்டியதில்லை. வழி நெடுக ஆலைகள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன, கிராமங்கள் இருக்கின்றன. நாள் தவறாமல், வருஷம் முழுவதும், இரண்டு வேளையும் ஏறுகிற பிரயாணிகள் இவர்கள். பரந்தூர் வரையுள்ள மீதிப் பாதையைக் கணக்கிலிருந்தே நீக்கட்டும். தொழிலாளிக்கு ரெயில் தருகிறேன் என்று சொல்லி விவசாயியின் நிலத்தைக் கேட்டால், தொழிலாளி அந்த ரெயிலில் ஏறத் தயாராக இல்லை என்று ஸ்ரீபெரும்புதூர்ச் சங்கங்கள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். ஏகனாபுரத்துப் பெண்களும் இருங்காட்டுக்கோட்டைத் தொழிலாளிகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நிலம் போன வீட்டிலிருந்துதான் ஆலைக்கு ஆள் வருகிறது.

பெங்களூர் ரோட்டின் மீது தூண் நாட்டினால் நிலம் எடுக்கும் தேவை மிகவும் குறையும் என்பதையும் கவனிக்க வேண்டும். நிலையத்துக்கும் பணிமனைக்கும் வேண்டிய இடத்தைச் சிப்காட்டின் கையில் சும்மா கிடக்கும் நிலத்தில் எடுக்கட்டும். நெல் விளைகிற இடத்தில் கை வைக்கக் கூடாது.

ரெயில் வந்தால் மட்டும் போதுமா?

போதாது. வேளச்சேரிப் பறக்கும் ரெயிலின் கதையை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை 1997-ல் வந்தது, வேளச்சேரி வரை 2007-ல் வந்தது. பரங்கிமலையுடன் இணைக்க இன்னும் 5 கிலோ மீட்டர்தான். 2008-ல் வேலை தொடங்கினார்கள். கடைசி அரைக் கிலோ மீட்டர் நிலத்துக்காக அந்த வேலை பத்து வருஷத்துக்கு மேல் நின்று கிடந்தது. நிலையங்களை அரண்மனை போலக் கட்டினார்கள், கடைகளுக்கு வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னார்கள், வௌவால் குடியேறியது. பஸ் நிற்கும் இடம் ஒரு பக்கம், ரெயில் நிற்கும் இடம் ஒரு பக்கம். எந்த வாசலில் ஜனங்கள் நிற்கிறார்கள் என்று பாராமல், எந்த இடம் சுலபமாகக் கிடைக்கிறது என்று பார்த்துப் பாதை போட்டதன் பலன் அது.

ஸ்ரீபெரும்புதூரில் அதே தவறு நடக்கக் கூடாது. நிலையம் எங்கே வைப்பது என்பதில்தான் ரியல் எஸ்டேட் முதலைகள் வாய் திறந்து காத்திருக்கும். அவர்கள் வாங்கிப் போட்ட மனைக்குப் பக்கத்தில் நிலையம், ஆலை வாசல் இரண்டு கிலோ மீட்டர் தள்ளி என்று ஆகி விட்டால் தொழிலாளிக்குப் பயனில்லை. ஒரகடமும் வல்லமும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் நிலையத்திலிருந்து அங்கே, ஷிப்ட் மாறுகிற நேரத்தை அனுசரித்து, சர்க்கார் பஸ் விட வேண்டும். ஒரே சீட்டில் பஸ்ஸும் ரெயிலும் ஏற முடிய வேண்டும்.

அடுத்தது நேரம். மெட்ரோ ரெயில் காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறது, ராத்திரி பதினொரு மணிக்கு நிற்கிறது. ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்கு அது போதும். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவனுக்கு? வடபழனியிலிருந்து சுங்குவார்சத்திரம் சுமார் 45 கிலோ மீட்டர். வண்டி மணிக்கு 33 கிலோ மீட்டர் போகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு மணி இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஐந்து மணிக்கு வண்டி ஏறியவன் ஆறரைக்கு ஆலை வாசலில் நின்று அரை நாள் கூலியை இழப்பான். மின்சார ரெயில் அதிகாலை நாலு மணியளவிலேயே கிளம்புகிறதே, மெட்ரோ ஏன் கிளம்பக் கூடாது?

கட்டணம் மிக முக்கியமானது. 2021 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தார்கள். நீட்டிக்கிற பாதைக்கும் அதே 50 என்று வைத்தாலும், போக வர நாளொன்றுக்கு 100 ரூபாய், மாதம் 26 நாளைக்கு 2,600 ரூபாய். காண்டிராக்ட் தொழிலாளி இதை எங்கிருந்து கொடுப்பான்? டில்லியில் 2017-ல் இரண்டு தடவை மெட்ரோக் கட்டணத்தை ஏற்றினார்கள். ஏழைப் பிரயாணிகள் ரெயிலை விட்டு இறங்கிப் போனார்கள். அமெரிக்காவில், முதலாளித்துவத்தின் தலைநகரான நியூயார்க்கிலேயே, 1904-ல் தொடங்கிய சுரங்க ரெயிலுக்கு 1948 வரை ஐந்து செண்ட் டிக்கெட்தான். ஏற்றுவதற்கு எந்த நகர சர்க்காருக்கும் துணிச்சல் வரவில்லை. இங்கே சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் 2021 மே மாதம் வந்தது; உழைக்கும் பெண்கள் எத்தனை பேர் அதனால் வேலைக்குப் போக முடிந்தது என்பதை வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அதே உரிமை ஷிப்ட் நேரத்து மெட்ரோவில் ஏன் கூடாது? குறைந்தபட்சம், மின்சார ரெயிலில் இருப்பது போன்ற மலிவான மாத ஸீஸன் சீட்டு வேண்டும்.

“பணத்துக்கு எங்கே போவது?” என்ற கேள்வி உடனே வரும். பிரான்ஸ் தேசத்தில், பாரிஸ் வட்டாரத்தில், 1971 முதல் ஒரு வரி இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைத்து வேலை வாங்குகிற ஒவ்வொரு முதலாளியும், கொடுக்கிற சம்பளத் தொகையில் ஒரு பங்கைப் பொதுப் போக்குவரத்துக்குச் செலுத்த வேண்டும். பிரான்ஸ் ஒன்றும் சோஷலிஸ்ட் நாடு அல்ல. தொழிலாளி வேலைக்கு வந்து சேருவதால் லாபம் அடைகிறவன் ரெயிலுக்கும் பணம் தரட்டும் என்ற நியாயம் அங்குள்ள முதலாளித்துவ சர்க்காருக்கே புரிந்தது. ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகளுக்கு மலிவு நிலம், வரிச் சலுகை, தடையில்லா மின்சாரம் என்று வாரிக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸுக்குச் செலவிடும் பணத்தையாவது ரெயில் நிதிக்குக் கட்டு என்று சொல்ல ஏன் நா எழவில்லை? பாதை வருவதால் திடீரென்று விலை ஏறும் மனைகளுக்கும் ஒரு வரி போடலாம்; அந்த விலையேற்றத்துக்கு மனைக்காரன் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை.

மத்திய சர்க்காரின் நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு 2020 நவம்பரில் உள்துறை மந்திரி வந்து அடிக்கல் நாட்டினார். 118.9 கிலோ மீட்டர், 63,246 கோடி ரூபாய்த் திட்டம். மத்திய மந்திரி சபையின் ஒப்புதல் கிடைத்ததோ 2024 அக்டோபர் 3-ல். இடையில் நாலு வருஷம் மாநில சர்க்காரே கடன் வாங்கி வேலையை நடத்த வேண்டியிருந்தது. கோயம்புத்தூர், மதுரை மெட்ரோ யோசனைகளை, ஜனத்தொகை இருபது லட்சம் இல்லை என்று சொல்லி 2025 நவம்பரில் திருப்பி அனுப்பினார்கள். சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் மில்லுக்குப் போகிற தொழிலாளிக்கு ரெயில் வேண்டாம் என்று டில்லியில் உட்கார்ந்து தீர்மானித்தவர்கள், ஸ்ரீபெரும்புதூர் விஷயத்திலும் சாக்குச் சொல்வார்கள். ஆகவே மாநில சர்க்காரிடம் மட்டும் கேட்டு நிற்பதில் பயனில்லை. ஏற்றுமதியில் வரும் அன்னியச் செலாவணியைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த டில்லிக்கு, அந்தச் செலாவணியைச் சம்பாதித்துக் கொடுப்பவர்களின் பிரயாணத்துக்கும் பங்கு கொடுக்கக் கடமை உண்டு.

பூந்தமல்லிப் பக்கத்துத் தூண்களின்மேல் 2025 மார்ச்சில் சோதனை வண்டி ஓட்டிப் பார்த்தார்கள். அந்தத் தண்டவாளம் நின்ற இடத்திலிருந்துதான் ஸ்ரீபெரும்புதூர்ப் பாதை தொடங்க வேண்டும். தாமதம் செய்தால் தொழிலாளர்களையும் யந்திரங்களையும் கலைத்து விட்டு, பிறகு மறுபடி கூட்டி வரும் செலவு வேறு.

இனிச் சங்கங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. தீர்மானம் போட்டு அனுப்புவது சுலபம். அதிகாரிகளின் அறிக்கையில் இல்லாத கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஆலை வாசலிலும், எந்த ஷிப்டுக்கு எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பி, எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நிரந்தரத் தொழிலாளி, காண்டிராக்ட் தொழிலாளி, அப்ரெண்டிஸ், காண்டீன் ஆள், துப்புரவுப் பெண் ஒருவரையும் விடாதீர்கள். விடுதிகளுக்கு மாதர் சங்கத் தோழர்கள் போகட்டும். செம்பரம்பாக்கம் முதல் சுங்குவார்சத்திரம் வரையுள்ள கிராமங்களில் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களின் கணக்கையும், நிலையத்துக்காக யாருடைய நிலத்தில் கல் நட வருகிறார்கள் என்ற கணக்கையும் சேர்த்து எடுக்கட்டும். நோட்டுகளைக் காஞ்சிபுரம் ஜில்லாக் கமிட்டி ஆபீசில் சேர்த்தால், நிலையங்கள் எந்தெந்த வாசலில் வர வேண்டும், முதல் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதி மெட்ரோ நிர்வாகத்தின் முன் வைக்கலாம்.